எந்த கிரீக் யோகட் நல்லது? (சட்டித் தயிர்க்காரர்கள் கொஞ்சம் பொறுமையாக வரவும்)

வாவிக்கரையான்:
மூன்று மாதமாக ஜிம் போகிறேன். அங்கே பயிற்சி தருகிற அண்ணன், உன் சாப்பாட்டில் புரதம் காணாது, காலையில் கிரீக் யோகட் சாப்பிடு என்றார். மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் இரண்டு வகை கிடைத்தது, ஒன்று வெளிநாட்டில் செய்தது, மற்றது இங்கே செய்தது. வெளிநாட்டுக் கப்பில் கரண்டியைக் குத்தி விட்டால் நட்டுக்கொண்டு நின்றது, புளிப்பும் மட்டாகத்தான் இருந்தது. உள்ளூர்க் கப் ஜெலி மாதிரி ஆடியது, இனிப்பும் கூட. இதைப் பழக்கமாக்கப் போகிறேன், அதனால் எதை வாங்குவது, எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் கேட்டுப் பிரயோசனம் இல்லை. கிரான் ஊர் எருமைத் தயிர்ச் சட்டி வாசலுக்கு வருகிற வீட்டில் பிறந்துவிட்டு கப்பில் தயிர் தின்கிறான் என்று அம்மாவிடம் ஒரே ஏச்சு.

பட்டிக்காரன் மகன்:
அம்மா ஏசினது காணாது தம்பி. எங்கள் அப்பாவுக்குப் படுவான்கரையில் எருமைப் பட்டி இருக்கிறது, நான் பால் வாளி தூக்கி வளர்ந்தவன், அதனால் பக்கச்சார்பாகத்தான் பேசுவேன், முதலே சொல்லிவிட்டேன். பசுப்பாலில் கொழுப்பு நூறு கிராமுக்கு 3.5, மிஞ்சினால் 4. எருமைப்பாலில் 7, 8 வரும். அந்தப் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, உறைமோர் விட்டுப் புதுச் சட்டியில் ஊற்றி, பேப்பரால் வாயைக் கட்டி வைத்தால் காலையில் மேலே வெள்ளை வெளேரென்று ஆடை நிற்கும். (மஞ்சளடித்தால் பசுப்பால் கலந்திருக்குமோ என்று கேட்டுப் பாருங்கள்.) சுட்ட மண் தண்ணியைக் குடிக்கும். சட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் ஈரமாக இருக்கும், அந்த ஈரம் காய்வதால் உள்ளே குளிர்ச்சி. தண்ணி இறங்கிய தயிருக்குத்தானே கிரீக் என்று பேர் வைத்திருக்கிறான்? எங்கள் சட்டி அதைச் சும்மா செய்கிறது. கரண்டி நிற்கிறதா என்று இதிலும் குத்திப் பாருங்கள்.

கல்லடிக்காரி:
பட்டிக்காரன் தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி வீட்டுப் பெருமை. கரண்டி நிற்பது இரண்டிலும் நிற்கும், ஆனால் நிற்கிற காரணம் வேறு. எருமைத் தயிர் இறுகி இருப்பது பாலிலேயே கொழுப்பும் திடப்பொருளும் கூட இருப்பதால். கிரீக் யோகட் இறுகி இருப்பது துணியில் கட்டித் தண்ணியை வடித்ததால். சட்டி உறிஞ்சுகிற தண்ணி கொஞ்சம், அதை வைத்து வடிகட்டினதாகச் சொல்ல முடியாது. வடித்த யோகட்டில் நூறு கிராமுக்குப் புரதம் சுமார் 9, 10 கிராம். எருமைத் தயிரில் ஏறத்தாழ அதில் பாதிதான். அந்தப் பிள்ளை கேட்டது புரதத்துக்கு, நீங்கள் கொடுப்பது கொழுப்பை. நானும் சட்டித் தயிர் தின்று வளர்ந்தவள்தான், கித்துள் பாணி விட்டால் ஒரு சட்டியைத் தனியாக முடிப்பேன், அது வேறு கதை. ருசி என்று கேட்டால் சட்டிக்கு வாக்குப் போடுவேன். ஆனால் இரண்டும் ஒன்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சோத்துக்கட்சி:
புரதம் வேணுமென்றால் இரண்டு முட்டை அவித்துச் சாப்பிடட்டும். எதுக்கு இந்தச் சண்டை.

லண்டன் மட்டக்களப்பான்:
இங்கே வந்து இருபது வருசமாகக் கப்பில் சாப்பிடுகிறவன் சொல்கிறேன், தம்பி, கப்பின் முன்பக்கத்தில் எழுதியதை நம்பாதே, பின்பக்கத்தைப் படி. ஒரு கிலோ வடித்த யோகட் செய்ய மூன்று, நான்கு லீட்டர் பால் போகும், அதுதான் விலைக்குக் காரணம். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் மாவோ ஜெலட்டினோ பால்மாவோ போட்டு இறுக வைத்துவிட்டு 'கிரீக் ஸ்டைல்' என்று எழுதுவார்கள். அந்த 'ஸ்டைல்' என்ற சொல்லுக்காகவே இங்கே வழக்கு நடந்தது. ஃபாயே என்பது 1926இல் ஏதென்ஸில் பால் கடையாகத் தொடங்கிய கிரேக்கக் கம்பனி. சோபானி அமெரிக்கக் கம்பனி, துருக்கியில் இருந்து போன ஹம்டி உலுகாயா 2005இல் நியூயோர்க் மாநிலத்தில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையை வாங்கித் தொடங்கியது. சோபானி அமெரிக்காவில் செய்ததைக் 'கிரீக் யோகட்' என்று இங்கே விற்க, ஃபாயே வழக்குப் போட்டது. கிரேக்கத்தில் செய்யாததை இங்கிலாந்தில் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது, அடுத்த வருசம் மேன்முறையீட்டிலும் ஃபாயேதான் வென்றது. பட்டிக்காரன் மகனுக்கு ஒரு சந்தோசச் செய்தி: சோபானி என்ற பெயர் இடையனைக் குறிக்கிற சொல்லில் இருந்து வந்தது.

எனக்குப் பிடித்தது எது என்றால் ஃபாயே, அதுவும் 5 வீதம் கொழுப்பு உள்ளது. 0 வீதம் உள்ளதைச் சாப்பிட்டால் சுண்ணாம்பை வழித்து நக்கின மாதிரி வாய் காய்ந்து போகும்.

பட்டிக்காரன் மகன்:
பெயருக்கு வழக்குப் போட கிரேக்கனுக்கு வசதி இருக்கிறது. எங்கள் சட்டிக்கு யார் வழக்குப் போடுவது? ரோட்டோரம் 'எருமைத் தயிர்' என்று பலகை வைத்துவிட்டு உள்ளே பசுப்பால் தயிரைக் கட்டி விற்கிறார்கள். போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோக வழியில் ஒன்று வாங்கினேன், அவசரத்தில் பேப்பரைக் கிழித்துப் பார்க்கவில்லை. அங்கே போய்த் திறந்தால் மேலே இரண்டு அங்குலம் தண்ணி, கீழே அவிந்த முட்டை வெள்ளை மாதிரி ஒரு சாமான். பட்டிக்காரன் வீட்டுப் பிள்ளை கொண்டுவந்த தயிரைப் பார் என்று சிரித்தார்கள், மானம் போனது. மறுகா கேட்கிறீர்கள் ஏன் கொதிக்கிறாய் என்று. அண்ணன், மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மேய்ச்சல் தரைக்கு நடக்கிற இழுபறி உங்களுக்குத் தெரியும். வயல் விதைத்தால் மாட்டைக் காட்டுக்கு ஓட்ட வேண்டும், ஓட்டுவதற்குத் தரை இல்லை. இந்த நிலைமையில் எங்கள் பிள்ளைகள் கப்பலில் வந்த கப்பைத் தேடினால் வயிறு எரியாதா?

வாவிக்கரையான்:
அண்ணன் அது நியாயம், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நான் கிரீக் யோகட் வாங்குவதால் மாதவணையில் புல் குறையாது.

அக்கரைப்பற்று ராத்தா:
சலாம். தம்பிமார் எல்லாரும் கடையிலேயே நிற்கிறீர்கள், குசினிக்குள் யாரும் வரவில்லை. நான் முதலில் பார்ப்பது ஜெலட்டின். எங்கள் ஆட்களுக்கு அது எந்த மிருகத்தில் இருந்து எடுத்தது என்று தெரியாமல் வாயில் வைக்க ஏலாது. ஆடுகிற கப் என்று சொன்னீர்களே, அதைத் திருப்பிப் பாருங்கள், அனேகமாக எழுதியிருக்கும். பாலும் உறையும் மட்டும் போட்டது என்றால் வாங்குங்கள்.

இல்லையென்றால் வீட்டில் செய்யுங்கள், ஒரு கஷ்டமும் இல்லை. பசுப்பால் தயிர் ஒரு கிலோ, சீனி போடாதது. பழைய வேட்டித் துண்டைக் கொதிதண்ணியில் போட்டெடுத்து, சவர்க்கார மணம் இல்லை என்று மோந்து பார்த்து (ஒருமுறை எனக்கு முழுத் தயிரும் மணந்து கோழிக்குப் போனது), அரிதட்டில் விரித்து, கீழே ஒரு சட்டி வைத்து, தயிரைக் கொட்டி பிரிட்ஜுக்குள் வையுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம்முடைய வெயிலுக்கு விடிய முன்னம் புளித்துவிடும். ஐந்தாறு மணித்தியாலத்தில் பாதியாகும். மூன்றில் ஒரு பங்காகும்வரை விட்டால்தான் அந்த 9, 10 கிராம் புரதத்துக்குக் கிட்ட வரும், அது கிட்டத்தட்ட பாற்கட்டி மாதிரி இருக்கும். வடிந்த தண்ணியை ஊற்றிவிடாதீர்கள், கல்சியமும் கொஞ்சம் அதோடுதான் போகிறது. நான் ரொட்டிக்கு மா குழைக்க அதைத்தான் விடுகிறேன், ரொட்டி மெத்தென்று வரும்.

கல்லடிக்காரி:
ராத்தா, எருமைத் தயிரை வடித்துப் பார்த்தீர்களா?

அக்கரைப்பற்று ராத்தா:
இல்லை மகள். எங்கள் வீட்டில் எருமைத் தயிர் துணிக்குப் போகிற வரைக்கும் இருக்காது. சஹனில் சோறு முடிந்து தயிரும் சீனியும் வருகிற நேரம் பார்த்திருக்கிறீர்களா, ஆறு கை ஒரே தட்டில். அதிலே போய் வடிப்பதா?

லண்டன் மட்டக்களப்பான்:
எப்படிச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. கிரேக்கர் தேனும் வோல்நட்டும் போட்டுச் சாப்பிடுவார்கள். மட்டக்களப்புக்குத் தேனாடு என்று பேர் வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் தேன் போடாமல் இருக்கிறீர்கள்? வாகரைப் பக்கம் காட்டுத்தேன் கிடைத்தால் அதை விடு. வோல்நட்டுக்குப் பதில் வறுத்த கஜு. கித்துள் பாணியும் சரிதான், ஆனால் வடித்த யோகட் தடிப்பானது, பாணி மேலேயே ஓடிவிடும், கொஞ்சம் கலக்க வேண்டும். பழம் என்றால் கதலி, நன்றாகக் கனிந்த பப்பாசி, இரண்டும் பொருந்தும். அன்னாசியைச் சேர்த்து வைத்து விட்டுப் போகாதே, கொஞ்ச நேரத்தில் கசந்துபோகும்.

உறைப்புப் பக்கம் வந்தால் சாட்சிக்கி. வெள்ளரிக்காயைத் துருவி உப்புப் போட்டுப் பிழிந்து தண்ணியை எடுத்துவிட்டு, உள்ளி இடித்து, ஒலிவ் எண்ணெய் விட்டு யோகட்டோடு கலப்பது. பிழியாமல் போட்டால் பத்து நிமிடத்தில் ரசமாகிவிடும். நான் பச்சைக் கொச்சிக்காய் இரண்டும் வெட்டிப் போடுவேன், கிரேக்கர் கண்டால் அடிப்பார்கள். சுட்ட மீனோடு அது ஒரு தனி ருசி.

சோத்துக்கட்சி:
மீனும் தயிருமா? தேமல் வரும் ஐயா. எங்கள் அம்மம்மா இருந்திருந்தால் தட்டைப் பறித்திருப்பா.

கல்லடிக்காரி:
தேமல் தோலில் வருகிற பூஞ்சை, தட்டில் இருந்து வராது. கிரேக்கத் தீவுகளில் மீனும் யோகட்டும் சேர்ந்தே மேசைக்கு வருகிறது, அங்கே எல்லாரும் தேமலோடா திரிகிறார்கள்?

சோத்துக்கட்சி:
அங்கே போய்ப் பார்த்தீர்களா?

கல்லடிக்காரி:
உங்கள் அம்மம்மா பார்த்தாவா?

பட்டிக்காரன் மகன்:
சரி சரி. நான் ஒன்று கேட்கிறேன். பிட்டுக்கு எது சரி? அவித்த கையோடு வெள்ளைப் பிட்டில் தயிர் போட்டு, கதலி பிசைந்து, சீனி தூவினால் தயிர் பிட்டுக்குள் இறங்க வேண்டும். உங்கள் கிரீக் மேலே குந்திக்கொண்டு இறங்காது. சோற்றுக்கும் அதுதான். தயிர் என்பது மற்றதோடு சேர வேண்டிய சாமான், தனியாக உட்கார்ந்து புரதம் எண்ணுகிற சாமான் இல்லை.

கல்லடிக்காரி:
இதை ஒத்துக்கொள்கிறேன். பிட்டுக்குக் கிரீக் யோகட் சரிவரவே வராது, நான் முயற்சி பண்ணி விக்கல் எடுத்திருக்கிறேன். ஆனால் கோழி இறைச்சி ஊறவைக்க, சான்ட்விச்சில் மயோனீஸுக்குப் பதிலாகப் பூச, அதுக்கெல்லாம் தண்ணி இல்லாத யோகட்தான் வேண்டும்.

வாவிக்கரையான்:
இரண்டு நாளாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ராத்தா செய்யாததை நான் செய்தேன். கிரான் சட்டி ஒன்று, அம்மாவுக்குத் தெரியாமல், இரவு வேட்டித் துண்டில் கட்டி பிரிட்ஜில் வைத்தேன். பக்கத்திலேயே பசுப்பால் தயிரும் அதே அளவு வைத்தேன். காலையில் பசுத் தயிரில் இருந்து ஒரு பெரிய கோப்பை நிறையத் தெளிந்த பச்சை மஞ்சள் தண்ணி. எருமைத் தயிரில் அதில் பாதிகூட இல்லை, துணியைப் பிரித்தால் வெண்ணெய்க் கட்டி மாதிரி, விரல் ரேகை பதிகிறது. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். நல்லாத்தான் இருந்தது, இரண்டாவது கரண்டியிலும் நல்லாத்தான் இருந்தது, நாலாவதில் திகட்டி நெஞ்சுக்குள் நின்றது. உப்பும் கொச்சிக்காயும் போட்டு ரொட்டியில் பூசினால் திறம். யோகட் என்று கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட ஏலாது.

பசுத் தயிரை வடித்தது கப்பில் வாங்கியதற்குக் கிட்ட வந்துவிட்டது, புளிப்பு மட்டும் ஒரு நூல் கூட. இனி காலைக்கு அதுதான், கதலியும் கஜுவும் போட்டு. கப் வாங்குவதை விட்டுவிட்டேன். அண்ணன் சந்தோசப்பட வேண்டாம், நான் வடிப்பது பசுத் தயிர்.

பட்டிக்காரன் மகன்:
கிரான் சட்டியைத் துணியில் கட்டினவனோடு எனக்குப் பேச்சில்லை. மிச்சக் கட்டியை என்ன செய்தாய்?

வாவிக்கரையான்:
அம்மா கண்டுபிடித்துவிட்டா. முழுதையும் அவவே ரொட்டியோடு முடித்துவிட்டு, அடுத்த சட்டி எப்போது வடிப்பாய் என்று கேட்கிறா. வெறும் சட்டியில் கோழிக்குத் தண்ணி வைத்தாயிற்று.