மிமாஸ் உருண்டை, புரோட்டியஸ் கோணல்: அந்த 400 கி.மீ. எங்கே போனது?

பாறைமனிதன்:
"400 கி.மீ. விட்டம் தாண்டினால் எந்த நிலவும் உருண்டையாகிவிடும்" என்று வளையக்கோள் நேற்று இந்த மன்றத்தில் அடித்துச் சொல்லியிருக்கிறார். சனியின் மிமாஸ் 396 கி.மீ., உருண்டை. நெப்டியூனின் புரோட்டியஸ் ஏறத்தாழ 420, கோணல்மாணல். சின்னது உருண்டை, பெரியது கோணல். உங்கள் 400 எங்கே போனது?

வளையக்கோள்:
பனி நிலவுகளுக்கான தோராய எல்லை அது. புரோட்டியஸை 1989-இல் வாயேஜர் 2 விண்கலம் கடந்து போகிற போக்கில் எடுத்த படங்கள்தான் கையில் இருக்கின்றன. காசினி விண்கலம் 13 வருடம் சுற்றி அளந்த சனி நிலவுகளோடு அதை ஒப்பிடுவது நியாயமா?

பாறைமனிதன்:
நேற்று "எந்த நிலவும்", இன்று "தோராயம்". படம் குறைவு என்பதால் புரோட்டியஸின் 200 கி.மீ.க்கு மேல் அகன்ற ஃபேரோஸ் பள்ளம் தூர்ந்துவிடுமா?

விட்டத்தை விடுங்கள், மைய அழுத்தத்தைக் கணக்குப் போடுங்கள். அடர்த்தியின் வர்க்கம், ஆரத்தின் வர்க்கம், ஈர்ப்பு மாறிலி, 2.09, நான்கையும் பெருக்குங்கள். மிமாஸின் அடர்த்தி நீரைப்போல் 1.15 மடங்கு; மையத்தில் சுமார் 7 மெகாபாஸ்கல், நம் காற்றழுத்தத்தைப்போல் 70 மடங்கு. சிறுகோள் வெஸ்டாவுக்கு விட்டம் 525 கி.மீ., அடர்த்தி 3.46. அங்கே 115 மெகாபாஸ்கல் வருகிறது. பதினாறு மடங்கு அழுத்தம் இருந்தும் அது 573-க்கு 446 என்று நசுங்கிக் கிடக்கிறது. இளமையில் உருகி, இரும்பு உள்ளகம்கூடப் பிரிந்த பொருள் அது. ஆறி இறுகிய பிறகு தென்துருவத்தில் அடி விழுந்தது, 500 கி.மீ. அகல ரியாசில்வியா பள்ளம். இறுகிய பாறை திரும்ப வழிந்து வந்து பள்ளத்தை மூடாது. பனியும் அப்படித்தான், 60 கெல்வினில், அதாவது மைனஸ் 213 செல்சியஸில், அது கல். உள்ளே சூடு இருந்த காலத்தில் எந்த வடிவத்துக்கு இளகியதோ, அதன்பின் என்ன அடி வாங்கியதோ, அதுதான் உருவம்.

இரவுவானம்:
இருவரும் மிமாஸை உருண்டை என்கிறீர்களே, அளவைப் பார்த்தீர்களா? 416, 393, 381. நீளத்துக்கும் உயரத்துக்கும் 35 கி.மீ. வித்தியாசம். முட்டை.

பாறைமனிதன்:
சனியின் ஓதவிசையும் (பக்கத்தை அதிகமாகவும் தூரத்தைக் குறைவாகவும் இழுத்து நிலவை நீட்டும் ஈர்ப்பு) தன் சுழற்சியும் சேர்ந்தால் முட்டைதான் வரும். நான்கு மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றும் குறுங்கோள் ஹௌமியா நீண்டு கிடப்பதும் சுழற்சியால்தான். சனியின் இன்னொரு நிலவு ஐயாபெட்டஸைப் பாருங்கள். இப்போது ஒரு சுற்றுக்கு 79 நாள் எடுக்கிறது, தட்டையோ 16 மணி நேரச் சுழற்சிக்கு உரியது. வேகம் போய்விட்டது, உருவம் உறைந்து நின்றுவிட்டது.

இரவுவானம்:
ஓதவிசை என்று சரியாக எழுதினீர்கள். வளையக்கோள் மன்றத்தின் எல்லா உரையாடல் இழையிலும் "அலைவிசை" என்றே எழுதுகிறார்.

வளையக்கோள்:
சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது உங்களுக்குப் புதிதல்ல. புளூட்டோ இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள், அதை நான் மறக்கவில்லை. சனியின் நிலவுகளையே பாருங்கள்: ஹைப்பரியன் 360-க்கு 266-க்கு 205, கோணல். என்செலடஸ் 504, உருண்டை. எல்லை இரண்டுக்கும் நடுவில்தான். 400 என்றதில் மாற்றமில்லை.

இரவுவானம்:
அலை கடல்மேல் வருவது. ஓதம் கடலே ஏறி இறங்குவது. இரண்டும் ஒன்றல்ல.

பாறைமனிதன்:
"நடுவில் எங்கோ" என்பதும் 400 என்பதும் ஒன்றா? ஹைப்பரியனின் அடர்த்தி 0.54, உள்ளே பாதிக்குப் பாதி வெற்றிடம். அதை எல்லைக்கல்லாக நடுகிறீர்கள். புரோட்டியஸ் 420. மூன்றாம் முறையாகக் கேட்கிறேன், அதற்குப் பதில் எங்கே?