கல்லூரி அமெரிக்கக் கால்பந்து: ஆஃபென்சிவ் லைன் தடுமாறியதை நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

பசடேனாக்காரன்

2023 அக்டோபர் 28 அன்று ரோஸ் பௌல் அரங்கில் யுசிஎல்ஏ, கொலராடோ பல்கலைக்கழக அணிகள் ஆடிய ஆட்டத்தை என் மைத்துனருடன் சென்று பார்த்தேன். டியான் சாண்டர்ஸ் கொலராடோவுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்ததும், டிரான்ஸ்பர் போர்ட்டல் (வீரர்கள் கல்லூரி மாறும் முறை) வழியாக ஏறக்குறைய முழு அணியையும் மாற்றியதும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் என்பதால் அதற்குள் போகவில்லை. அன்று குவாட்டர்பேக்காக (பந்தை எறிபவராக) ஆடிய அவருடைய மகன் ஷெடூர் ஏழு முறை சாக் செய்யப்பட்டார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். கொலராடோ 28-16 என்று தோற்றது. என் மனத்தை உறுத்துவது ஆட்டம் அல்ல, அதற்குப் பின் நடந்தது. வாகன நிறுத்தத்தில் நெரிசல் குறையும் வரை காத்திருந்தபோது மைத்துனர் தன் கைபேசியில் செய்தியாளர் சந்திப்பைப் போட்டார். இந்தச் சிக்கலுக்குப் பெரிய அளவில் என்ன தீர்வு என்ற கேள்விக்கு, புதிய லைன்மேன்களைக் (குவாட்டர்பேக்குக்கு முன் வரிசையாக நின்று எதிரணியைத் தடுக்கும் ஐவரை, அதாவது ஆஃபென்சிவ் லைனை) கொண்டுவருவதுதான் என்று சாண்டர்ஸ் தயங்காமல் சொன்னார். சற்று முன்தான் அடிபட்டுக் களத்தைவிட்டுப் போன அந்த ஐந்து பேரும், பருவத்தில் இன்னும் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போது, இதைக் கேட்டிருப்பார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த ஐவரில் பெரும்பாலோர் வெவ்வேறு கல்லூரிகளில் வெவ்வேறு முறைகளைப் பழகிவிட்டு வந்தவர்கள். ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். 3-0 என்று தொடங்கிய அணி 4-8 என்று முடித்தது. ஷெடூர் அந்தப் பருவத்தில் 52 முறை சாக் ஆனார். பழகுவதற்கு அவகாசம் கொடுக்காமல் ஆளை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் எந்த லைனும் தேறாது என்பது என் கருத்து.

கணக்கு வாத்தியார்

பசடேனாக்காரர் சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்க முடிகிறது. 52 சாக்குகளையும் லைனின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஷெடூர் திறமைசாலி, குறி தவறாதவர். ஆனால் ஆட்டம் உடைந்த பிறகும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி ஓடிக்கொண்டே இருப்பார். மூன்று நொடிக்கு மேல் பந்து கையில் இருந்தால் எந்த டேக்கிளும் (லைனின் இரு ஓரங்களில் நிற்பவர்) தன் ஆளைத் தடுத்துக்கொண்டே இருக்க முடியாது. அடுத்த ஆண்டு ஜோர்டன் சீட்டன் போன்ற பெரும் எதிர்பார்ப்புக்குரிய லெஃப்ட் டேக்கிள் வந்தும், அணி 9-4 என்று வென்றும்கூட, ஷெடூர் 42 முறை சாக் ஆனார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் அனுபவம் வேறு மாதிரியானது. ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் (பெயர் வேண்டாம்) முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது கால்குலஸ் வகுப்புக்கு உதவி ஆசிரியராக இருந்தேன். என்னிடம் படித்தவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரி அணியின் கார்ட், அதாவது லைனில் டேக்கிளுக்கு உட்புறம் நிற்பவர். ஒருநாள் சந்தேகம் கேட்க வந்தவர், கணக்கை மூடி வைத்துவிட்டுத் தன் அலுப்பைச் சொன்னார். முதல் ஆண்டில் இருந்த லைன் பயிற்சியாளர், ஸ்னாப் ஆனதும் (பந்து பின்னே தரப்பட்டு ஆட்டம் தொடங்கியதும்) பின்னோக்கி ஆழமாக நகர்ந்து, எதிராளியை வரவிட்டு, பிறகு கைவைக்கச் சொன்னாராம். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஸ்னாப் ஆன அந்தக் கணமே முன்னே பாய்ந்து மார்பில் கைவைக்கச் சொன்னாராம். மூன்றாமவர் இரண்டையும் கலந்தாராம். "மூளை புதியதைக் கேட்கிறது, கால் பழையதைச் செய்கிறது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்று, என் சிறிய அறையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு, மூன்று விதமான கால் வைப்பையும் செய்து காட்டினார். ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ள மனிதர் அவ்வளவு மென்மையாகக் காலை எடுத்து வைப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அந்த வாரமே அவருடைய ஆட்டத்தைப் போய்ப் பார்த்தேன். எதிரணியின் ஓரத்தில் நிற்கும் எட்ஜ் வீரர் உள்ளே பாய, அதே அணியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் முதுகுப்புறமாகச் சுற்றி வெளியே வந்தார். இப்படி இருவர் இடம் மாறிப் பாய்வதுதான் ஸ்டன்ட். டேக்கிள் ஆளை ஒப்படைக்க வேண்டும், கார்ட் வாங்கிக்கொண்டு தன் ஆளை வெளியே விட வேண்டும். இருவரும் ஒரே ஆளின் மேல் கைவைத்தார்கள். சுற்றி வந்தவரை ஒருவரும் தொடவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என் மாணவரைச் சோம்பேறி என்று திட்டினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளில் இப்போது ஸ்ப்ரெட் ஆட்டமும் (வீரர்களை அகலமாகப் பரப்பி ஆடுவது) ஆர்பிஓவும்தான் (ஓடுவதா எறிவதா என்று ஸ்னாப்புக்குப் பின் குவாட்டர்பேக் முடிவெடுப்பது) பெரும்பாலும் ஆடப்படுகின்றன. பந்து எறியப்படும்போதும் லைன்மேன் ஓட்டத்துக்கான தடுப்பையே செய்துகொண்டிருப்பார். கல்லூரி விதியும் அவர் மூன்று கெஜம் வரை முன்னே போவதை அனுமதிக்கிறது, தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அது ஒரு கெஜம்தான். இப்படிப் பழகிவிட்டு, மூன்றாம் டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) பன்னிரண்டு கெஜம் தேவை என்ற நிலை வரும்போது, எல்லோருக்கும் தெரிந்த எறிதலுக்கு முன்னால் பின்னகர்ந்து நில் என்றால் அவர் எங்கிருந்து கற்றிருப்பார்?

டிரம் அம்மா

என் மகன் ஒரு கல்லூரியின் அணிவகுப்பு இசைக்குழுவில் டிரம் வாசித்தான். அந்த வகையில் பென் ஸ்டேட்டின் பீவர் அரங்கத்துக்கு, அதுவும் அரங்கமே வெள்ளை உடுத்தி வரும் இரவு ஆட்டத்துக்கு, எதிரணிப் பகுதியில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் இடம் அது. அங்கே குவாட்டர்பேக்கின் குரல் சென்டருக்கே (லைனின் நடுவில் நின்று பந்தைப் பின்னே தருபவர்) கேட்காது என்பதால் எங்கள் அணி சைலன்ட் கவுண்ட்டில், அதாவது குரலுக்குப் பதில் சைகையால், ஆடியது. கார்ட் கால்களுக்கிடையே தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். குவாட்டர்பேக் காலை உயர்த்துகிறார். கார்ட் சென்டரின் தொடையைத் தட்டுகிறார். ஒரு கணம் கழித்து ஸ்னாப் வருகிறது. டேக்கிள்கள் எதிரில் நிற்பவனைப் பார்க்காமல் பந்தையே கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாம் கால்பகுதியில் எதிரணி வீரர் ஒருவர் அந்தத் தட்டலைக் கணக்குப் பண்ணிவிட்டார். தட்டியதும் மனத்துக்குள் ஒன்று எண்ணிவிட்டுப் பாய்கிறார். எங்கள் லெஃப்ட் டேக்கிள் எழுவதற்குள் அவர் தோளைத் தாண்டிவிடுகிறார். அதற்குப் பயந்து டேக்கிள் சற்று முன்னதாகவே அசைந்தார். ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து கெஜம் பின்னே. அடுத்ததில் பயந்து தாமதித்தார், சாக். கார்ட் பிறகு பொய்யாக ஒரு முறை தட்டிப் பார்த்தார், அதில் எங்கள் சென்டரே ஏமாந்து பந்தை அனுப்பிவிட்டார். அந்தச் சென்டர் இரண்டு கைகளாலும் தன் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது.

2024 முதல் பயிற்சியாளர் பேசுவதற்காக ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டதே, இனி இந்தப் பிரச்சினை இல்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாக்குதல் அணியில் அந்த ரேடியோ ஒருவருக்குத்தான், ஏறக்குறைய எப்போதும் குவாட்டர்பேக்குக்குத்தான். பிளே கடிகாரத்தில் (ஸ்னாப்புக்கு முன் ஓடும் கடிகாரம்) பதினைந்து நொடி இருக்கும்போது அதுவும் நின்றுவிடும். லைனுக்கு அது ஒன்றும் செய்வதில்லை.

ஆன் ஆர்பர் செல்வம்

பசடேனாக்காரர் போர்ட்டலையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். நாட்டின் சிறந்த லைனுக்குத் தரப்படும் ஜோ மூர் விருதை மிச்சிகன் 2021, 2022 என்று அடுத்தடுத்து வென்றதே, அந்த இரண்டாவது ஆண்டின் சென்டர் ஒலுசெகுன் ஒலுவதிமி வர்ஜீனியாவிலிருந்து மாறி வந்தவர்தான். வந்த ஒரே பருவத்தில் அவுட்லண்ட் (சிறந்த உள்வரிசை வீரர்), ரிமிங்டன் (சிறந்த சென்டர்) ஆகிய இரண்டு விருதுகளையும் பெற்றார். நான்கு பேர் முன்பே சேர்ந்து பழகிய இடத்தில் ஐந்தாமவராக ஒருவர் வருவது ஒன்று. ஐந்து பேரும் வழிப்போக்கர்களாக வருவது இன்னொன்று.

நான் கண்டது 2023 நவம்பர் 25, மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் ஆடிய ஆட்டம். மூன்றாம் கால்பகுதியில் மிச்சிகனின் ரைட் கார்ட் ஜாக் ஜின்டரின் கால் முறிந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்வரை அத்தனை பெரிய அரங்கமும் அமைதியாக இருந்தது. பிறகு ரைட் டேக்கிளாக நின்ற கார்சன் பார்ன்ஹார்ட் உள்ளே கார்டுக்கு நகர்ந்தார். ட்ரென்டே ஜோன்ஸ் வெளியே டேக்கிளாக வந்தார். அடுத்த ஸ்னாப்பிலேயே பிளேக் கோரம் 22 கெஜம் ஓடி டச்டவுன் போட்டுவிட்டு, விரல்களால் ஜின்டரின் எண்ணான 65 என்று காட்டினார். மிச்சிகன் 30-24 என்று வென்றது. எனக்கு இதில் வியப்பாக இருப்பது ஓட்டமல்ல, இரண்டு இடங்கள் ஒரே நேரத்தில் மாறியும் யாரும் யாரிடமும் எதுவும் கேட்காமல் வரிசையில் போய் நின்றதுதான். அன்று தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பில் இருந்த ஷெரோன் மூர்தான் அந்த இரண்டு விருது ஆண்டுகளிலும் லைனைப் பயிற்றுவித்தவர். வாத்தியார் சொன்ன மூன்று பயிற்சியாளர் கதைக்கு இது நேர் எதிர்.

இயன்முறைச் சிகிச்சையாளர்

என் கதை சிறியது. ஒரு கல்லூரியின் லெஃப்ட் கார்ட் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். தன் அணிக்காரரே தள்ளப்பட்டுப் பின்னாலிருந்து அவர் கால்மேல் விழுந்ததால் முழங்காலின் உட்பக்கத் தசைநார் கிழிந்திருந்தது. ஆறு வாரம் என்று நான் சொன்னேன். அதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை, தொலைக்காட்சியில் அவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு பின்னகர்வதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மோசமான ஆட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

இதை எழுதும்போது, மகன்களை லைனில் ஆடவிட்டிருக்கும் பெற்றோருக்குச் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாவது, எடைக்காக அவசரப்படாதீர்கள். பள்ளியில் 110 கிலோ இருக்கும் பையன் கல்லூரியில் 135 கிலோவாக வேண்டும் என்று கேட்கப்படுவது உண்மை. ஆனால் அதற்கு ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகும், ரெட்ஷர்ட் (ஒரு பருவம் பெரும்பாலும் ஆடாமல் தகுதியைக் காத்துக்கொள்வது) என்ற ஏற்பாடே அதற்குத்தான் பயன்படுகிறது. அரிசியையும் சர்க்கரையையும் கூட்டி வயிற்றை வளர்த்தால் இடுப்பு வளையாது. வளையாத இடுப்பு நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்தவனை எளிதில் தள்ளிவிடலாம். சைவக் குடும்பம் என்றால் புரதத்துக்கு உணவியல் வல்லுநர் ஒருவரைக் கட்டாயம் பாருங்கள். இரண்டாவது, குளிர்காலத்தில் மல்யுத்தமும் வசந்தத்தில் குண்டெறிதலும் சேரச் சொல்லுங்கள். கணுக்காலும் இடுப்பும் ஒன்றாக வேலை செய்யக் கற்பது அங்கேதான், எடைதூக்கும் அறையில் மட்டும் அல்ல. மூன்றாவது, முழங்கால் பிரேஸ் அணியச் சொன்னால் கூச்சப்பட்டு மறுக்க விடாதீர்கள். பல கல்லூரிகளில் லைன்மேன்களுக்குப் பயிற்சியிலும் அது கட்டாயம். நான்காவது, பையனைச் சேர்ப்பதற்கு முன் அந்த லைன் பயிற்சியாளர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். அரங்கத்தின் பளபளப்பைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. கடைசியாக, வலி இருந்தால் சொல்லும் பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்துங்கள்.

டிரம் அம்மா

ஐயா, என் மகன் டிரம்தான் வாசித்தான் என்பதை நினைவூட்டுகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன கார்ட் பற்றி ஒரு கேள்வி. அவரை இறக்கியது பயிற்சியாளரா, அல்லது அவரே கேட்டுக்கொண்டு இறங்கினாரா?

இயன்முறைச் சிகிச்சையாளர்

அவரே கேட்டுக்கொண்டு இறங்கினார். அவருக்கு அடுத்து இருந்தவர் பதினெட்டு வயது முதலாண்டு மாணவர். முந்திய வாரம் அந்தப் பையன் நான்கு சாக்குகளுக்கு வழிவிட்டதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் இறங்கினேன் என்றார். அணியின் மருத்துவர் ஒப்புதல் கொடுத்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பசடேனாக்காரன்

செல்வம் அண்ணன் சொன்ன நான்குக்கு ஒன்று என்ற கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். வாத்தியாருடன் மட்டும் இன்னும் உடன்பாடில்லை. ஷெடூர் பந்தை நெடுநேரம் வைத்திருந்தார் என்பது சரி. ஆனால் 2023இல் கொலராடோ பந்தை ஓட்டிச் செல்வதில் எஃப்பிஎஸ் (கல்லூரி ஆட்டத்தின் மேல்நிலைப் பிரிவு) அணிகள் அனைத்திலும் கடைசி இடத்தில் இருந்தது, ஆட்டத்துக்கு எழுபது கெஜம்கூட வரவில்லை. ஓட்டத்தில் குவாட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார். அந்தக் கணக்கை யார் பெயரில் எழுதுவது?

கணக்கு வாத்தியார்

அதை லைனின் பெயரிலேயே எழுதுங்கள். சாக் எண்ணிக்கையில்தான் எனக்கு வழக்கு.