தாலின் வெண்கலப் படைவீரன்: எந்தச் சட்டத்தை வைத்து இடம் மாற்றினார்கள்?

கேள்வி

எஸ்தோனியத் தலைநகர் தாலினில், நகர நடுவிலுள்ள தோனிஸ்மாகியில் நின்ற செம்படை (சோவியத் படை) வீரன் சிலையை 2007 ஏப்ரலில் அகற்றினார்கள். ஆனால் அதற்கு வழிசெய்யும் சட்டத்தை அதிபர் இல்வெஸ் பிப்ரவரியிலேயே திருப்பி அனுப்பிவிட்டாரே? பிறகு எந்த அதிகாரத்தில் தூக்கினார்கள்? சிலை முழுதாக இருக்கிறதா?

பதில் 1

இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்கிறீர்கள். அதிபர் நிறுத்தியது பிப்ரவரி 15 அன்று நிறைவேறிய தடைசெய்யப்பட்ட கட்டுமானங்கள் பற்றிய சட்டம். பயன்பட்டது, ஜனவரி 10 அன்றே நிறைவேறிய போர்க் கல்லறைப் பாதுகாப்புச் சட்டம். அது கல்லறையைப் பற்றியது. சிலைக்குப் பக்கத்தில் 1945இல் செம்படையினரைப் புதைத்திருந்தார்கள். பூங்கா, மக்கள் கூடும் இடம் போன்றவை போர்க் கல்லறைக்குத் தகாதவை என்றது சட்டம். உடல்களை வேறிடத்தில் அடக்கம் செய்தால் அவற்றின் நினைவுச்சின்னமும் உடன்போகும். சிலையை நகர்த்த வழி திறந்தது மண்ணுக்கடியில் இருந்த உடல்கள்தான்.

பதில் 2

மேலே உள்ளது சரி. நடந்த வரிசையையும் பார்க்க வேண்டும். முதலில் தோண்டி எலும்புகளை எடுப்பது, அடையாளம் காண்பது, சிலையைப் பிறகு பார்த்துக்கொள்வது என்பதுதான் ஏற்பாடு. ஏப்ரல் 26 விடியற்காலை இடத்தை வேலியிட்டு, சிலையையும் தோண்டும் பகுதியையும் பெரிய கூடாரத்தால் மூடினார்கள். அன்றிரவு கலவரம் வெடித்தது, ஒருவர் இறந்தார். அரசு நள்ளிரவுக்குப் பின் அவசரமாகக் கூடி, சிலையை உடனே எடுக்க முடிவெடுத்தது. வரிசை தலைகீழானது அப்போதுதான்.

அதன் விளைவு: சிலை எங்கே என்று சில நாட்கள் வெளியே தெரியவில்லை, அறுத்துத் துண்டாக்கிவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. ஏப்ரல் 30 அன்று தாலினிலேயே உள்ள எஸ்தோனியப் பாதுகாப்புப் படை இடுகாட்டில் நிறுத்தியபோது ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயர வெண்கல உருவம் மட்டுமே இருந்தது, பின்னாலிருந்த டோலமைட் கல்சுவர் இல்லை. சுவரைப் பிறகுதான் கட்டிச் சேர்த்தார்கள். உருவத்தை ஒரே இரவில் நகர்த்தலாம், கல்சுவரைக் கல் கல்லாகப் பிரித்து அடுக்கியாக வேண்டும். இந்த இடைவெளியை முன்கூட்டி அறிவித்திருந்தால் வதந்திக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

கேள்வி கேட்டவர்

எலும்புகள் என்ன ஆயின?

பதில் 2

12 பேருடையவை கிடைத்தன. உறவினர்கள் கேட்டவற்றை ஒப்படைத்தார்கள். மருத்துவப் பணியிலிருந்த ஒரு பெண்ணின் எச்சம் ஜெருசலேமில் அடக்கமானது. மீதி எட்டும் ஜூலை 3 அன்று அதே இடுகாட்டில் அடக்கமாயின.

பதில் 3

இடம் மாறியதோடு பொருளும் மாறியதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1947 செப்டம்பர் 22 அன்று திறந்தபோது பெயர் 'தாலினின் விடுதலையாளர் நினைவுச்சின்னம்'. 1944இல் செம்படை நகருக்குள் வந்த நாள் அது. ஆனால் ஜெர்மானியர் அதற்குள் பின்வாங்கியிருந்தார்கள், எஸ்தோனியர் அமைத்த ஓட்டோ தீஃப் அரசு சில நாட்களே நீடித்தது. ஆகவே 'விடுதலை' என்ற சொல்லே பலருக்குப் புண். சோவியத் ஆட்சி போனபின், இரண்டாம் உலகப் போரில் வீழ்ந்தவர்களுக்கு என்று பலகையை மாற்றியும் சச்சரவு ஓயவில்லை. நடுநகரில் நிற்கும்வரை அது வெற்றிச் சின்னமாகவே வாசிக்கப்பட்டது.

இடுகாட்டில் எஸ்தோனிய வீரர்களின் கல்லறைகளும் பிரித்தானியப் போர்க் கல்லறைகளும் அருகே இருக்கின்றன. தலை குனிந்து நிற்கும் அந்த உருவம் அங்கேதான் துக்கச் சிலையாகத் தெரிகிறது. சோவியத் வெற்றி நாளான மே 9 அன்று பூ வைக்க இன்றும் அங்கே வருகிறார்கள்.