ஸ்விஃப்ட் முன்பக்க ஸ்ட்ரட்: ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

கேட்டவர்: கொங்குவண்டி

வணக்கம். 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 95,000 கி.மீ. ஓடியிருக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போனால் முன்பக்கம் இடதுபுறம் ‘டொக் டொக்’ என்று சத்தம். வேகத்தடை இறங்கிய பிறகும் மூக்கு ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மெக்கானிக் இடது ஸ்ட்ரட்டில் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) ஆயில் கசிகிறது, அதை மட்டும் மாற்றலாம் என்கிறார். இன்னொருவர் நான்கு சக்கரத்துக்கும் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பட்டறைக்காரன்:

தம்பி, சத்தமும் ஆட்டமும் ஒரே கோளாறாக இருக்க வேண்டியதில்லை. ஆட்டம் ஸ்ட்ரட்டால் வருவது. டொக் டொக் பெரும்பாலும் லிங்க் ராடு (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் தண்டு), இல்லையென்றால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர்). லிங்க் ராடைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லூசாக இருந்தால் அதன் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. அப்புறம், நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ஸ்ப்ரிங் ‘டங்’ என்று துள்ளினால் மேல் மவுண்ட் பேரிங் (ஸ்ட்ரட்டின் உச்சியில் அது திரும்ப உதவுவது) போயிருக்கிறது.

ஸ்ட்ரட்டின் மேல்பகுதியில் லேசாக எண்ணெய்ப் பசை படிந்து தூசி ஒட்டியிருந்தால் அதைக் கசிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நனைந்து வழிந்திருந்தால்தான் மாற்ற வேண்டும்.

நெடுஞ்சாலை:

கசிவு உறுதியானால் முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒருபக்கம் புதிது, ஒருபக்கம் தளர்ந்தது என்றால் வளைவிலும் பிரேக்கிலும் வண்டி சீராக நிற்காது. நான்கும் மாற்றுவது வீண் செலவு. இந்த வண்டியின் பின்பக்கத்தில் ஸ்ட்ரட்டே கிடையாது. டார்ஷன் பீமும் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) தனி ஷாக் அப்சார்பரும்தான். அதைத் தனியாகப் பார்த்து முடிவெடுங்கள்.

மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது அடி விழாமல் தடுக்கும் மெத்தை), தூசி உறை எல்லாம் ஸ்ட்ரட்டோடு சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். பிறகு அதற்காகத் தனியாகக் கழற்றினால் கூலி இரண்டு மடங்கு. உடையாத ஸ்ப்ரிங்கை மாற்ற வேண்டாம்.

கம்பெனி பாகம் வாங்கலாம், கேப்ரியல் பிராண்டும் வாங்கலாம். கேப்ரியல் கார் கம்பெனிகளுக்கே செய்து கொடுக்கிறது. இடதும் வலதும் வேறு வேறு. டீசல் எஞ்சின் கனம் அதிகம் என்பதால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, பாக எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.

பட்டறைக்காரன்:

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்ப்ரிங் கம்ப்ரஸர் (ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாத இடத்தில் வேலை கொடுக்காதீர்கள். ஸ்ப்ரிங்கை அமுக்காமல் ஸ்ட்ரட் உச்சியின் நடு நட்டைக் கழற்றினால் அது சீறி வந்து ஆளையே கொன்றுவிடும். ஸ்ட்ரட்டின் பளபளக்கும் ராடைக் கட்டிங் பிளேயரால் பிடிக்கவும் விடாதீர்கள். ஒரு கீறல் விழுந்தாலே ஆயிலைத் தடுக்கும் சீல் கிழிந்து புது ஸ்ட்ரட்டும் கசியும்.

கொங்குவண்டி:

மிக்க நன்றி அண்ணா. லிங்க் ராடு நன்றாகவே ஆடுகிறது, இடது ஸ்ட்ரட் அடிவரை நனைந்திருக்கிறது. முன்பக்கம் ஜோடியாக ஸ்ட்ரட், மவுண்ட், லிங்க் ராடு மாற்றச் சொல்லிவிட்டேன். அலைன்மென்ட்டை (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்யலாமா?

நெடுஞ்சாலை:

வேண்டாம், அன்றைக்கே செய்துவிடுங்கள். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் போல்ட்டுகளைக் கழற்றியதும் கேம்பரும் (சக்கரம் மேலும் கீழுமாகச் சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பும் கோணம்) மாறியிருக்கும். அப்படியே ஓட்டினால் டயர் ஒரு ஓரமாகத் தேயும்.