தேவைப் பட்டியலை ஃபார்மல் மாடலாக மாற்றுவது: கழிவுநீர்ச் சேகரிப்புக் கிணற்றுப் பம்ப்

கேள்வி: வாணியம்பாடி_பிஎல்சி

டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றும் சேகரிப்புக் கிணறு. பம்ப் இரண்டு, ஃப்ளோட் சுவிட்ச் (நீர்மட்டத்தோடு மிதந்து மட்டத்தைச் சொல்லும் சுவிட்ச்) இரண்டு. பம்புகளை ஓட்டுவது பிஎல்சி என்ற தொழிற்சாலைக் கன்ட்ரோலர். எழுத்தில் வந்த தேவைகள் இவை:

1. தண்ணீர் மேல் ஃப்ளோட்டைத் தொட்டதும் ஒரு பம்ப் உடனே ஓட வேண்டும்.
2. கீழ் ஃப்ளோட்டுக்கு இறங்கினால் இரண்டும் நிற்க வேண்டும்.
3. ஓடுகிற பம்ப் டிரிப் ஆனால் (கோளாறால் தானாக நின்றால்) மற்றது ஓட வேண்டும்.
4. எந்த மோட்டாரும் மணிக்கு 6 முறைக்கு மேல் ஸ்டார்ட் ஆகக் கூடாது.

இதை ஃபார்மல் மாடலாக்கி, அதாவது கணித விதிகளாக எழுதி, டூல் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிலை வரைபடத்தில் ஒரு அம்பாகப் போட்டால் போதுமா? இதற்கான டூல்களில் டிஎல்ஏ பிளஸ் (TLA+) நல்லதா, உப்பால் (UPPAAL) நல்லதா?

பதில்: காட்பாடி_மாடலர்

அம்பாகப் போடாதீங்க. தேவையையே மாடலுக்குள் நடத்தையாக எழுதிவிட்டால், பிறகு சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது. நீங்க எழுதினதை நீங்களே ஆமோதிப்பதாகத்தான் முடியும்.

முதலில் மாறிகளை எழுதி, ஒவ்வொன்றையும் யார் மாற்றுகிறார்கள் என்று பக்கத்தில் குறிங்க. கிணற்றின் உண்மையான நீர்மட்டம்: வரத்தும் பம்பும் மாற்றும், சாஃப்ட்வேர் தொட முடியாது. ஃப்ளோட் சொல்வது: சென்சார் மாற்றும். ஸ்டார்ட் கட்டளை: சாஃப்ட்வேர் மாற்றும். மோட்டார் உண்மையில் ஓடுகிறதா: கான்டாக்டரும் (மோட்டாருக்கு மின்சாரம் இணைக்கும் சுவிட்ச்) ஓவர்லோட் ரிலேவும் (மின்னோட்டம் மிகுந்தால் துண்டிப்பது) தீர்மானிக்கும். மென்பொருள் ஆய்வாளர் டேவிட் பார்னாஸின் நான்கு மாறி முறை இதுதான். மட்டத்தையும் ஃப்ளோட்டையும் ஒரே மாறியாக எழுதுவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. அப்படி எழுதினால் ஃப்ளோட் பொய் சொல்லும் நிலை மாடலிலேயே இருக்காது. டேனரி லைனில் ஜவ்வும் மயிரும் வந்து ஃப்ளோட்டில் சுற்றிக்கொள்ளும், அது அபூர்வம் இல்லை.

அடுத்து சூழலின் செயல்கள்: மட்டம் ஒரு படி ஏறும், ஏதாவது மோட்டார் ஓடினால் மட்டுமே ஒரு படி இறங்கும், மோட்டார் டிரிப் ஆகும், கரண்ட் போகும், வரும். அதற்குப் பிறகுதான் கன்ட்ரோலரின் விதிகள். உங்கள் நான்கு தேவைகளும் இவற்றுக்கு வெளியே, தனித்தனிப் பண்புகளாக நிற்க வேண்டும்.

தேவை 1-ல் "உடனே" என்பதை எண்ணாக்குங்க. "எப்போதாவது ஓடும்" என்று எழுதினால், மறுநாள் ஓடினாலும் டூல் சரி என்றே சொல்லும். நீர்ப்பரப்பு அலைவதால் ஃப்ளோட்டை 5 வினாடி உறுதிசெய்வது நல்லது. அதையும் சேர்த்து 30 வினாடிக்குள் என்று வைக்கலாம்.

தேவை 4-ஐ இரண்டு விதமாகப் படிக்கலாம்: முதல் ஐந்து நிமிடத்திலேயே ஆறு ஸ்டார்ட் போகலாமா, அல்லது ஒவ்வொன்றுக்கும் நடுவில் 10 நிமிட இடைவெளியா? முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்கும் நேரடி ஸ்டார்ட்டரில் தொடக்க மின்னோட்டம் சாதாரணத்தைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு வரை போகும், வைண்டிங் அதில்தான் சூடாகிறது. ஆகவே 10 நிமிட இடைவெளிதான் சரியான பொருள். இருந்தாலும் கிளையன்டிடம் எழுத்தில் வாங்கிக்கோங்க.

இத்தனையும் எழுதி ஓட்டினால் முதல் எதிர்உதாரணம் (தேவை உடைவதாக டூல் காட்டும் நிகழ்வு வரிசை) அநேகமாக இப்படி வரும்: 0-வது நிமிடம் பம்ப் 1 ஸ்டார்ட், 3-ல் நிற்கிறது. 4-ல் பம்ப் 2 ஸ்டார்ட், 6-ல் நிற்கிறது. 7-ல் மட்டம் மேலே. பம்ப் 1-க்கு 10 வரை, பம்ப் 2-க்கு 14 வரை தடை. தேவை 1-ம் 4-ம் மோதுகின்றன. எந்த புரோகிராமாலும் இரண்டையும் காப்பாற்ற முடியாது.

பதில்: ராணிப்பேட்டை_பம்ப்ஸ்

அந்த எதிர்உதாரணம் உண்மையா பொய்யா என்பதைக் கிணறுதான் சொல்லும். மாடலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஏறி இறங்குகிறது. நிஜத்தில் இரண்டு ஃப்ளோட்டுக்கும் நடுவில் உள்ள கொள்ளளவு அதைக் கட்டுப்படுத்தும்.

ஒரே பம்ப் என்றால் கணக்கு: தேவையான கொள்ளளவு = பம்ப் வேகம் × சுற்று நேரம் (ஒரு ஸ்டார்ட்டிலிருந்து அடுத்த ஸ்டார்ட் வரை) ÷ 4. மணிக்கு 60 கன மீட்டர் பம்ப் என்றால் நிமிடத்துக்கு 1 கன மீட்டர். 10 நிமிடச் சுற்றுக்கு 2.5 கன மீட்டர். வரத்து பம்ப் வேகத்தில் பாதியாக இருக்கும்போதுதான் சுற்று மிகக் குறுகும்: நிரம்ப 5 நிமிடம், வடிய 5 நிமிடம். பம்புகளை மாற்றி மாற்றி ஓட்டினால் பாதிக் கொள்ளளவு போதும். ஆனால் ஒன்று டிரிப் ஆனால் அந்தச் சலுகை போய்விடும், அதனால் 2.5-ஐயே பிடிங்க.

கிணற்றில் அந்த அளவு இருந்தால், அதைச் சூழல் அனுமானமாக மாடலில் எழுதுங்க. அந்த மோதல் மறையும். இல்லை என்றால் ஃப்ளோட்டை நகர்த்த வேண்டும். அதை சாஃப்ட்வேரில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய வழியே கிடையாது.

வாணியம்பாடி_பிஎல்சி

நன்றி சார். ஒவ்வொரு பம்புக்கும் அந்த 10 நிமிட இடைவெளியை எண்ணும் டைமரை வினாடியில் வைப்பதா, நிமிடத்திலா?

பதில்: காட்பாடி_மாடலர்

மட்டம் 4 நிலை, பம்ப் ஒவ்வொன்றும் 3 நிலை, டைமர் இரண்டும் 0 முதல் 10 நிமிடம்: 4×9×11×11 = 4,356 நிலைகள். வினாடியில் வைத்தால் ஒவ்வொரு டைமருக்கும் 601 மதிப்பு, மொத்தம் 1.3 கோடி. இதில் ஃப்ளோட், கரண்ட் இன்னும் சேரவில்லை. டிஎல்ஏ பிளஸ் என்றால் முதலில் நிமிடத்தில் ஓட்டி, மோதல்களைத் தீர்த்துக்கோங்க. 30 வினாடிக் கெடுவை உப்பாலில் பாருங்க. அது கடிகாரங்களை மதிப்பு மதிப்பாக எண்ணாமல் இடைவெளித் தொகுப்புகளாகக் கையாள்வதால் இப்படி வெடிக்காது.

பண்பு எதுவும் பச்சை காட்டியதும் நம்பிவிட வேண்டாம். டிரிப் செயலை எழுத மறந்தால் தேவை 3 தானாகவே பாஸ் ஆகும், ஏனென்றால் "டிரிப் ஆனால்" என்ற நிபந்தனை ஒருமுறைகூட உண்மையாகாது. "பம்ப் 1 ஒருபோதும் டிரிப் ஆகாது" என்று வேண்டுமென்றே ஒரு பொய்ப் பண்பைக் கொடுங்க. டூல் அதை உடைக்க வேண்டும். உடைக்கவில்லை என்றால் மாடலில்தான் ஓட்டை.

கரண்ட் போகும் செயலில் டைமர் என்ன ஆகிறது என்பதையும் பாருங்க. பிஎல்சியில் அது ரிடென்டிவ் நினைவகத்தில் (கரண்ட் போனாலும் மதிப்பைக் காப்பது) இல்லையென்றால், கரண்ட் விட்டுவிட்டு வரும்போது தேவை 4 உடையும். 

பதில்: ராணிப்பேட்டை_பம்ப்ஸ்

மேல் ஃப்ளோட் சிக்கிக்கொள்ளும் செயலைச் சேர்த்தால் தேவை 1 அந்த நொடியே விழும். கன்ட்ரோலருக்கு வேறு கண்ணே இல்லை. அதற்கும் மேலே தனி வயரில் மூன்றாவது ஃப்ளோட், அது தொட்டால் அலாரமும் இரண்டு பம்பும் என்று 5-வது தேவையாகக் கிளையன்டிடம் எழுதி வாங்குங்க.