ஆர்.சி. – சி.எஸ்.ஐ. திருமணம்: எங்கே சிக்கும், எப்படி அவிழ்க்கலாம் (அனுபவப் பகிர்வு)

தொடக்கப் பதிவு

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் வரன் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வி, "நீங்க ஆர்.சி.யா, கிறிஸ்டியனா?" ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கர்; "கிறிஸ்டியன்" என்று இங்கே சொல்வது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற புராட்டஸ்டண்ட் சபையாரை. ஆர்.சி.யும் கிறிஸ்தவர்தான் என்று தெரிந்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். பேச்சு முடிந்து கல்யாண வேலை தொடங்கியதும் எங்கே முட்டுகிறது என்று, இரு பக்கமும் வேலை பார்த்தவர்கள் விவரமாக எழுதுங்கள். சண்டைக்கு இழுக்கும் பதிவு வேண்டாம்.

பங்கு அலுவலகப் பணியாளர், தூத்துக்குடி

முட்டுவது முதலில் காகிதத்தில்தான். கத்தோலிக்கரான பெண்ணோ பையனோ தம் பங்கின் (தம் ஊர்க் கோயிலின்) சாமியாரை மூன்று மாதத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கத்தோலிக்கர் வேறு சபைக் கிறிஸ்தவரை மணக்கும் கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் (பிஷப்பின்) அனுமதி தேவை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகையும் அடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஓடி வந்தால், விண்ணப்பம் ஆயர் இல்லத்தில் இருக்கும்போது பங்கில் ஒன்றும் செய்ய முடியாது.

கத்தோலிக்கர் கொண்டுவர வேண்டியது, ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்கு (ஞானஸ்நான) சான்று. பழைய லேமினேஷன் செல்லாது. ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அதை அவருடைய திருமுழுக்குப் பதிவேட்டிலேயே குறிப்பார்கள். புதுச் சான்று கேட்பது அதைப் பார்க்கத்தான். உறுதிப்பூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) சான்றும் திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்றும் கூட வேண்டும். சி.எஸ்.ஐ. தரப்பில் ஞானஸ்நானச் சான்றும், மணமாகாதவர் என்று சபைக் குருவானவர் தரும் கடிதமும். அங்கே சங்கக் காணிக்கை (சபைச் சந்தா) பாக்கி இருந்தால் கடிதம் கேட்கப் போகுமுன் கட்டிவிடுவது நல்லது.

அடுத்தது எல்லோரும் பயப்படும் வாக்குறுதி. 1970 வரை பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாக இருவருமே உறுதி தர வேண்டியிருந்தது. இப்போது கத்தோலிக்கர் மட்டும் தருகிறார்: விசுவாசத்தில் நிலைப்பேன், பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்குத் தர என்னால் இயன்றதைச் செய்வேன். மற்றவருக்கு அதைத் தெரிவித்தால் போதும், அவர் வாக்குறுதி தர வேண்டியதில்லை. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால் "எங்க பொண்ணை மதம் மாத்தி எழுதி வாங்குறாங்க" என்று நின்றுபோகும் சம்பந்தங்கள் உண்டு. விளக்குவது எங்கள் பக்கத்தின் கடமை, அதில் நாங்கள் குறைவாகத்தான் செய்கிறோம்.

சபை மூப்பர், பாளையங்கோட்டை

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. "மறுபடி ஞானஸ்நானம் எடுக்கணுமா?" வேண்டாம். தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் சி.எஸ்.ஐ.யில் கொடுத்ததைக் கத்தோலிக்கத் திருச்சபை அப்படியே ஏற்கிறது. பின்னாளில் ஒருவர் தாமாக விரும்பிக் கத்தோலிக்கரானாலும் தலையில் திரும்பத் தண்ணீர் ஊற்றுவதில்லை. விசுவாச அறிக்கை, உறுதிப்பூசுதல், நற்கருணை (பூசையில் தரும் அப்பம்), அவ்வளவுதான். நாம் ஒரே வீட்டார் என்று சொல்ல இதைவிட உறுதியான ஆதாரம் எனக்குத் தெரியாது.

பெந்தெகொஸ்தே பக்கம் கதை வேறு. குழந்தையில் பெற்றதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, ஆர்.சி.யானாலும் சி.எஸ்.ஐ.யானாலும் முழுகித்தான் எடுக்க வேண்டும். சில சபைகளில் "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பார்கள். அதைக் கத்தோலிக்கர் ஏற்பதில்லை, திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதாகவே கருதி வேறு விதிவிலக்கு கேட்பார்கள். எந்த வாக்கியம் சொல்லப்பட்டது என்று அந்தப் போதகரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தாலியும் அப்படித்தான். ஆர்.சி.யிலும் சி.எஸ்.ஐ.யிலும் சிலுவை பொறித்த தாலி கட்டுகிறோம். நகையே கூடாது என்னும் பெந்தெகொஸ்தே சபைக்காரர் சம்பந்தியானால் நிச்சயத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

திருவழிபாட்டுக் குழு, திருச்சி

"காலையில் உங்க கோயில்ல, சாயங்காலம் எங்க சர்ச்சுல" என்ற சமரசம் நடக்காது. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு முறை சம்மதம் கேட்பதைக் கத்தோலிக்கச் சட்டம் தடுக்கிறது. செய்யக்கூடியவை இரண்டு. கத்தோலிக்கக் கோயிலில் நடத்தி, சி.எஸ்.ஐ. ஐயரை (குருவானவரை) வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் அழைக்கலாம். மணமக்களின் சம்மதத்தைக் கேட்பவர் மட்டும் ஒருவரே. அல்லது சி.எஸ்.ஐ. ஆலயத்திலேயே நடத்தலாம், அதற்கு ஆயரிடம் திருமண முறைக்கான விதிவிலக்கு (கத்தோலிக்க முறையில் நடத்தாமல் இருக்க அனுமதி) தனியாக வாங்க வேண்டும். கலப்புத் திருமண அனுமதி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். விதிவிலக்கு இல்லாமல் அங்கே நடந்தால் கத்தோலிக்கச் சட்டப்படி அது செல்லாது, கத்தோலிக்கத் துணை நற்கருணை வாங்க முடியாமல் போகும். பிறகு சரிசெய்ய வழி உண்டு, ஆனால் அலைச்சல்.

எங்கள் கோயிலில் நடப்பதானால் திருப்பலி (பூசை) இல்லாத திருமணச் சடங்கையே தேர்ந்தெடுங்கள். பூசை வைத்தால் நற்கருணை நேரத்தில், அது பொதுவாகக் கத்தோலிக்கருக்கே என்பதால், பாதிக் கூட்டம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும். சி.எஸ்.ஐ. திருவிருந்தில் (அவர்கள் ஆலயத்தில் அப்பமும் ரசமும் தரும் ஆராதனையில்) ஞானஸ்நானம் பெற்ற பிற சபையாரும் பங்கெடுக்கும் பழக்கம் இருப்பதால், "எங்க வீட்ல நாங்க கொடுக்கிறோம், நீங்க ஏன் மறுக்கிறீங்க" என்று மனம் நொந்துவிடுகிறார்கள். நற்கருணை முழு ஒன்றிப்பின் (ஒரே திருச்சபையாய் இணைந்திருப்பதன்) அடையாளம் என்பது எங்கள் விளக்கம். ஆனால் கல்யாணத்தன்று வரிசையில் நிற்பவருக்கு அதை எப்படிப் புரியவைப்பது?

கர்த்தர் ஜெபத்தில்தான் ஊரறியச் சறுக்கும். ஒரு பக்கம் "விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே", மறுபக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே". கத்தோலிக்கர் தீமையிலிருந்து விடுவிக்கும் வரியோடு நிறுத்த, மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வார்கள். அந்த வாழ்த்து எங்கள் பூசையிலும் உண்டு, குருவின் சிறு மன்றாட்டுக்குப் பின் வரும். ஒரு வடிவத்தைத் தேர்ந்து தாளில் அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுங்கள். வாசகத்துக்கு 1995இல் இரு தரப்பும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் இருக்கிறது. தோபித்து நூலை மட்டும் தவிருங்கள். கத்தோலிக்கத் திருமணங்களில் வழக்கமான வாசகம்தான், ஆனால் 66 நூல் வேதாகமத்தில் அது இல்லை.

லுத்தரன் வாசகர், தரங்கம்பாடி

எல்லாரையும் சி.எஸ்.ஐ.யில் சேர்த்துவிடாதீர்கள். சி.எஸ்.ஐ. 1947இல் உருவானது, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனி. பத்துக் கட்டளைகளை எண்ணுவதில் நாங்கள் ஆர்.சி. பக்கம்: கொலை செய்யாதே என்பது எங்கள் இருவருக்கும் ஐந்தாவது, சி.எஸ்.ஐ.க்கு ஆறாவது. இரு சபைப் பிள்ளைகள் சேர்ந்து எழுதும் வேதப் போட்டிக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் கவனிக்க. கிருபையால், விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் (கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுதல்) பற்றிய கூட்டறிக்கையில் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கையெழுத்திட்டதும் நம் ஊர்ப் பிரசங்கங்களில் அதிகம் வருவதில்லை. வர வேண்டும்.

சபை மூப்பர், பாளையங்கோட்டை

துக்க வீட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள், நவம்பர் 2இல் கல்லறைக்குப் போவார்கள். சி.எஸ்.ஐ.யில் அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு நன்றி சொல்வோம், வீட்டாரின் ஆறுதலுக்காக ஜெபிப்போம். நினைவு அட்டை அடிக்கும்போது "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று போட்டால் ஒரு பக்கம் முகம் சுளிக்கும், "கர்த்தருக்குள் நித்திரையடைந்த" என்பதில் இருவருக்கும் தடையில்லை. முகப்பில் அதைப் போட்டுவிட்டு, பூசை நேரத்தை உள்ளே தனி வரியில், எந்தக் கோயில் என்ற பெயரோடு கொடுங்கள்.