வாய் வறட்சி: பேச்சும் சாப்பாடும் எப்படி மாறின? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி:

அடிநாக்கில் வந்த புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. நோய் போய்விட்டது, எச்சில் திரும்பவில்லை.

பார்ப்பவர்கள் எல்லோரும் "தண்ணி நிறைய குடிங்க சார்" என்கிறார்கள். குடிக்கிறேன். உள்ளே போன மறு நிமிடமே வாய் பழையபடி காய்ந்துவிடுகிறது. எச்சிலில் வழுவழுப்பான புரதங்கள் இருக்கின்றன, நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் பூசினாற்போல நிற்பவை அவைதான். தண்ணீர் அப்படி நிற்காது. நல்ல உடம்பில் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். மெல்லும்போது காதோரச் சுரப்பி அதிகம் வேலை செய்கிறது. சும்மா இருக்கும்போது வாயை ஈரமாக வைப்பது பெரும்பாலும் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பி. கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு கொடுத்தால் இரண்டும் அடிபடலாம்.

இனிமேல் சிகிச்சைக்குப் போகிறவர்கள், தொடங்கும் முன்பே "எச்சில் சுரப்பியைக் காப்பாற்ற முடியுமா" என்று டாக்டரிடம் கேளுங்கள். கதிரின் வலுவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் கட்டிக்கு 60, 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தாலும் காதோரச் சுரப்பிக்குப் போகும் சராசரியை 26 கிரேக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து அது முடியாமலும் போகும். ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும், என் பிழைப்பே அதுதானே. நம் மொழியில் நாக்கை மடித்து அண்ணத்தில் ஒட்டும் எழுத்துகள் ஏராளம். "கண்ணாடி", "பள்ளிக்கூடம்" என்று சொல்லும்போது காய்ந்த நாக்கு மேலேயே ஒட்டிக்கொள்கிறது, பிரியும்போது 'டக்' என்று ஒலிக்கிறது. போனில் அது இன்னும் பெரிதாகக் கேட்கும். ழகரம் பரவாயில்லை, அண்ணத்தை வருடிக்கொண்டு போய்விடுகிறது. நாலு வாக்கியத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர், வாக்கியங்களும் சின்னது சின்னதாக. அப்படித்தான் இப்போது பேரனுக்குக் கதை சொல்கிறேன்.

சாப்பாட்டில் பொடி தொட்டு இட்லி, சப்பாத்தி, முறுக்கு எல்லாம் போயிற்று. மென்றதை உருண்டையாகச் சேர்ப்பது எச்சில்தான். அது இல்லாததால் உப்புமா வாய்க்குள் மணல்போலச் சிதறி, பாதி தொண்டையில் தங்கிவிடும். குழைந்த ரசம் சாதம், மோர் விட்ட சாதம், பாலில் ஊறிய இடியாப்பம் இறங்குகின்றன. விழுங்கும் பயிற்சி தரும் நிபுணர் ஒருவர் வாய்க்கு வாய் இருமுறை விழுங்கச் சொன்னார். அதன்பின் புரையேறுவது குறைந்திருக்கிறது. சாப்பிடும்போது அடிக்கடி இருமல் வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், உணவு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம்.

கோவைப் பெண்மணி:

ஐயா, எனக்குப் புற்றுநோய் இல்லை, ஆனாலும் அதே வறட்சி. முதலில் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தல். அப்புறம் ஈறோரமாக வரிசையாகச் சொத்தை. பல் டாக்டர்தான் சந்தேகப்பட்டு மூட்டு நோய் மருத்துவரிடம் அனுப்பினார். ரத்தப் பரிசோதனை, கீழுதட்டில் சின்னத் திசு எடுப்பு, கடைசியில் ஷோகிரன் நோய் என்றார்கள். 1933-இல் இதை விரிவாக எழுதிய ஸ்வீடன் கண் மருத்துவரின் பெயர் அது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதற்குமுன் பல வருடங்கள் "டென்ஷன், வயசு" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருடங்களை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. கண்ணும் வாயும் சேர்ந்து காய்ந்தால் பெண்கள் யாரும் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

எச்சில் ஊற வைக்கும் பைலோகார்பைன் மாத்திரை எனக்கு ஓரளவு கைகொடுக்கிறது. வியர்த்துக் கொட்டும். ஆஸ்துமா, சிலவகைக் கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு ஆகாது, அதனால் டாக்டர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எலுமிச்சையும் நெல்லிக்காயும் வாயில் போட்டு ஊற வைக்கச் சொல்லாதீர்கள். புளிப்பைக் கழுவிவிட எச்சில் இல்லாத வாயில் பல் அரித்துப்போகும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். ஃப்ளூரைடு அதிகமுள்ள பேஸ்ட்டைப் பல் டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகன், நாகர்கோவில்:

அம்மாவுக்குப் பல் செட் நிற்காமல் பேச்சு குழறியது. பக்கவாதமோ என்று பயந்து ஓடினோம். அது இல்லை. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், சளிக்கு அலர்ஜி மாத்திரை, அடிக்கடி சிறுநீர் வருவதற்கு இன்னொன்று, மூன்றுமே எச்சிலைக் குறைப்பவையாம். மூன்றையும் எழுதியது வேறு வேறு டாக்டர்கள். எல்லாச் சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டியதும் ஒன்றை நிறுத்தி, ஒன்றின் அளவைக் குறைத்தார். இப்போது செட் நழுவுவதில்லை. ராத்திரி மட்டும் இன்னும் காய்கிறது, தலைமாட்டில் சொம்பு வைத்திருக்கிறோம்.

ஆசிரியர் ஐயா, அந்த இருமுறை விழுங்கும் பயிற்சியை அம்மாவுக்கும் சொல்லித்தர எந்தப் பிரிவில் போய்க் கேட்க வேண்டும்?

திருச்சி ஆசிரியர்:

காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள் தம்பி. பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அனுப்புவார்கள், விழுங்கும் பயிற்சியும் அவர்களே தருவார்கள். முதல் முறை போகும்போது அம்மாவுக்கு விழுங்கக் கஷ்டமான சாப்பாடு கொஞ்சம் டப்பாவில் கொண்டுபோங்கள், சாப்பிடச் சொல்லிப் பார்த்தால் அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.